ஏறத் தெரிந்த முட்டி

அர்ச்சுனனுக்கு உட்கார்ந்தாலும் இருப்புக்கொள்ளவில்லை, எழுந்தாலும் இருப்புக்கொள்ளவில்லை. போன வருஷம் புளி உலுக்கிவிட்டு மரத்திலிருந்து குதித்தபோது வலது முட்டி திருகிக்கொண்டது. எண்ணெயும் பத்தும் போட்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான். வேலூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, திங்கட்கிழமை வந்து ஆபரேஷனுக்குச் சேர்ந்துவிடு என்றார்.

“அப்பால மரம் ஏறலாங்களா?”

“ஒரு வருஷம் ஏறவே கூடாது. அதுக்கப்புறம் பாக்கலாம்.”

அந்தப் ‘பாக்கலாம்’தான் அவனை அரித்தது. ஐம்பதை எட்டப் போகிறவன் ஒரு வருஷம் சும்மா கிடந்தால் பிறகு எவன் கூப்பிடுவான்? ஊரில் இருக்கிற அத்தனை புளியமரத்துக்கும் அவன்தான் ஆள். கத்திக்கு அவன் பயப்படவில்லை. மரம் ஏறாத அர்ச்சுனன் எப்படி இருப்பான் என்பதுதான் அவனுக்குப் பயம்.

மனைவி மங்கம்மாள் அவன் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். அவன் எடுத்து வெளியே போட்டான். அவள் மறுபடி வைத்தாள்.

அவனைப் போன்ற மலைக்காரர்கள் காலிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஏறுமா, ஏறாதா? ஏறினால் நல்ல கால். ஞாயிற்றுக்கிழமை காலையில் அர்ச்சுனனும் அதையே கேட்டுப் பார்த்துவிடுவது என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் கை வைத்தான். முட்டி முனகக்கூட இல்லை. உச்சிக்கிளையில் நின்று ஆசை தீர உலுக்கினான். புளி சடசடவென்று கொட்டியது.

“பாத்தியா! ஆபரேஷனாம், ஆபரேஷன்! பையை அவுத்துக் கொட்டுடி!”

மங்கம்மாள் கீழே புளியைப் பொறுக்கினாள்.

இறங்கி அடிக்கவட்டைக்கு வந்தான். அங்கிருந்து குதிப்பதுதான் வழக்கம். ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் தரையைப் பார்த்ததும் முட்டி தானாக ஆட ஆரம்பித்தது. எதையோ மறந்தவன் மாதிரி திரும்ப மேலே ஏறி இன்னொரு கிளையை உலுக்கினான். மறுபடி வந்தான், மறுபடி ஏறினான். ஏறுவதற்கு மட்டும் அந்தக் காலுக்கு ஒரு குறையும் இல்லை, பாழாய்ப் போன கால்!

“இன்னா மாமா, எறங்கலியா?”

“இன்னும் ஒரு கெளை கீதுடி.”

அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் ஒரு பழம் மிச்சமில்லை. கூடையைப் போட்டுவிட்டு வந்து அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காலை என் தோள்ல வை.”

“சீ, பொண்டாட்டி தோள்ல காலை வெக்கறதா? எவனாச்சும் பாத்தா?”

“பாக்கட்டும். வை.”

கிளையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு இடது காலை மெதுவாக இறக்கினான். அவள் தோள் ஒருமுறை தாழ்ந்து, நடுங்கி, நின்றது. ஒரு வருஷமாக அவன் தூக்காமல் விட்ட மூட்டையெல்லாம் அந்தத் தோளில்தான் ஏறியிருந்தது. இப்போது அவனும் ஏறியிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“மங்கம்மா.”

“ம்?”

“நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போய்டலாம்.”

“மொதல்ல எறங்கு,” என்றாள்.