சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?

சம்பளம் தராத இடத்தில்தான் நம்மைத் தங்கம் என்று கூப்பிடுவார்கள். இந்த ஆஸ்பத்திரியில் மேனேஜர் முதல் தரை துடைக்கிற அக்கா வரை எல்லார் வாயிலும் நான் தங்கம்தான்.

விசாரணை மேஜையில் தொண்டராக என்னை உட்கார வைத்தபோது, "கொஞ்ச நாள் சும்மா வாம்மா. அனுபவம் கெடைக்கும், வேலை தானா வரும்" என்றார் மேனேஜர். சக்கர நாற்காலியில் இருப்பவளை நம்பி யார் முதல் வேலை தருவார்கள் என்று நானும் தலையாட்டினேன். அந்தக் கொஞ்ச நாள் இப்போது மூன்றாவது வருஷமாக ஓடுகிறது.

போன வாரம் அதே மேஜைக்குச் சம்பளத்தோடு ஓர் இடம் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு மனு போட்டேன். அண்ணன் சாப்பாட்டில் கை வைத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இதுவும் இல்லேன்னா பேசாம வீட்லயே இரு. நீ ஊருக்கு உழைக்க, நான் தெனமும் ஆட்டோக் கூலிக்கு அழுதுட்டு இருக்க முடியாது."

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. காலையில் அண்ணன் தூக்கி இறக்கினால்தான் எனக்குத் தெரு. படிப்பு முடிந்து இங்கே வரும்வரை, எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்வதைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். யார் வீட்டு லுங்கி எப்போது கிழிந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். மறுபடி அந்த ஜன்னலுக்குப் போனால் பைத்தியம் பிடித்துவிடும்.

அண்ணி என் கட்சி. நேற்று கரண்டியும் கையுமாக மேனேஜர் வேஷம் கட்டினாள். "சம்பளம் எவ்ளோ எதிர்பாக்கறீங்க?" நான் முணுமுணுத்ததும் கரண்டியை ஓங்கினாள். "என்னடி கடன் கேக்கற மாதிரி இழுக்கற? அடிச்சுச் சொல்லு!" தொகை சுத்தமாக வாயில் வரும்வரை அவள் விடவில்லை.

இன்று நேர்காணலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மேனேஜர் சிரித்தார், நானும் சிரித்தேன். கடைசியில் அவர் கேட்டார்.

"சம்பளம் எவ்வளவும்மா எதிர்பாக்கற?"

என் கைகள் தானாகக் குவிந்தன. "ஐயோ, அதெல்லாம் வேணாம் சார். இருக்கட்டும்."

வீட்டுக்குப் போகிற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தினமும் என் கையில் நோட்டைத் திணிக்கப் பார்ப்பார்கள். தொண்டர் வாங்கக்கூடாது. அதனால் நாள் முழுக்க இதையேதான் சொல்கிறேன். பணம் என்ற பேச்சு எடுத்தாலே இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு வேறெதுவும் வராமல் போய்விட்டது.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும்மா! தங்கமான மனசு!"

"இல்ல சார், பழக்கத்துல வந்துடுச்சு. எனக்குச் சம்பளம் வேணும்."

"அட, கூச்சப்படாத. வந்திருக்கறதுல ஒருத்தருக்குக் குடும்பம் இருக்கு, அவரைப் போட்டுடறேன். பக்கத்துல உக்காந்து நீதான் அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கணும்."

"எனக்கும் வீடு இருக்கு சார்."

"அதான் அண்ணன் இருக்காரே" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார். நாற்காலி இடிக்காமல் போக வேண்டுமே என்று அவருக்கு அவ்வளவு அக்கறை. எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே என் மேஜைக்கு முன்னால் கூட்டம். "எக்ஸ்ரே எங்கம்மா எடுக்கறாங்க?" என்று ஒருவர் சீட்டை நீட்டினார். வழி சொல்வதற்குள் போன் அடித்தது. அண்ணி.

"என்னடி ஆச்சு?"

இல்லை என்று சொன்னால் நாளைக் காலையில் என்னைத் தூக்க ஆள் வராது. சீட்டை நீட்டியவருக்குக் கையாலேயே வழி காட்டினேன்.

"கெடைச்சுடுச்சு, அண்ணி."

அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அண்ணன் பிடுங்கிவிட்டான். அவன் குரல் தழுதழுத்தது.

"நான் திட்டினதை மனசுல வச்சுக்காத. மொத சம்பளத்துல எங்களுக்கு ஒண்ணும் வேணாம், நீயே வச்சுக்க. நாளைக்குச் சீக்கிரமே இறக்கி விடறேன்."

"சரிண்ணா" என்றேன். மாசக் கடைசி வரைக்கும் எனக்குத் தெரு இருந்தது.