இரண்டு மூட்டை உமிக்கரி

மிட்சுயோ கையுறையைக் கழற்றிவிட்டு, தகரத்தை விலக்கி, உமிக்கரிக் குவியலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. பக்கத்தில் இரண்டு பூவாளிகளும் கழுத்து வரை நிறைந்து நின்றன. தண்ணீரின் மேல் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது.

"முந்தாநேத்து தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தாம?" அவள் கணவர் டொகுஜி சாக்கை உதறினார். "முப்பது வருஷமா உமி கருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

அறுப்பு முடிந்து ஆலையிலிருந்து உமி வந்துவிட்டால் அவருக்கு வேறு நினைப்பே இருக்காது. களத்தில் சுள்ளிகளைக் கொளுத்தி, ஓட்டை போட்ட தகரப் புகைபோக்கியை அதன் மேல் கவிழ்த்து, சுற்றிலும் உமியைக் குவிப்பார். நாள் முழுக்க மண்வெட்டியால் அடியிலிருந்து கிளறிவிடுவார். எல்லாம் கறுத்து, சாம்பலாக வெளுக்கும் முன் தண்ணீரைக் கொட்டி அணைத்து, பரப்பி, இரண்டு நாள் ஆறவிடுவார். பிறகுதான் மட்கிய எருவோடு கலந்து மண்ணுக்குப் போகும். பக்கத்து வீட்டுக் கினுவின் கத்தரிக்காயை ஊரே புகழ்வதற்கு அந்தக் கரிதான் காரணம் என்று அவருக்குப் பெருமை.

இந்தத் தடவை கரி பரப்பப்படவில்லை. குவித்தது குவித்தபடி தகரத்தால் மூடிக் கிடந்தது. மிட்சுயோ அதையும் பார்த்தாள். இலையுதிர் காலத்தில் ஒரே பிளம் மரத்தை செய்ததே நினைவில்லாமல் ஒரே வாரத்தில் மூன்று முறை கவாத்து செய்து மொட்டையாக்கியவர் அவர். கையை இன்னும் ஒரு சாண் உள்ளே விட்டால் அடியில் சூடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவள் விடவில்லை. சாக்கில் அள்ளிப் போடும்போது லேசாக ஆவி எழுந்தது. இந்தக் குளிரில் எதிலிருந்துதான் ஆவி வராது என்று சொல்லிக்கொண்டாள். இருவருமாக இரண்டு மூட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கினுவின் கொட்டகையில் இறக்கிவிட்டு வந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகை பற்றிக்கொண்டது. ஊர்த் தீயணைப்புக் குழு வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது. வசந்தத்துக்கு வைத்திருந்த விதைகள், கினுவின் இறந்துபோன கணவரின் கருவிகள், எல்லாம் போயின.

"கரிய யாரு அணைச்சது?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"நான்தான்," என்றாள் மிட்சுயோ. "சரியாப் பாக்காம விட்டுட்டேன்." தரையைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அவர்கள் போகும்வரை காத்திருந்து கினு கேட்டாள்.

"நீ என்னிக்கு அந்த மண்வெட்டியத் தொட்டிருக்க?"

மிட்சுயோ கையுறையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டினாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்காரு?"

"போன வசந்தத்துலேருந்து."

"மககிட்ட சொன்னியா?"

"இல்லக்கா. ஒசாகாவுல அவளுக்கே ஆயிரம் வேலை."

கினு முழங்கால் வரை சாம்பல் படிந்து நின்றாள். அவளுக்கு எழுபத்து நான்கு வயது; அவள் குரல் உயர்ந்து மிட்சுயோ கேட்டதே இல்லை. இப்போதும் உயரவில்லை. "மத்தியானச் சோறு தின்னுட்டு அந்தக் கொட்டகையிலதான் ஒரு கண் அசருவேன். இன்னிக்குப் பல்லு வலி. படுக்கப் போகல. எனக்காவது சொல்லியிருக்கலாம்ல."

மறைத்தது டொகுஜியின் மானத்துக்காக என்றுதான் மிட்சுயோ இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அந்த நினைப்பைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்போது வரப்போடு டொகுஜி வந்தார். துக்க வீட்டுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புச் சட்டையைப் போட்டிருந்தார்; பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று ஏறியிருந்தன. கரிந்த தூண்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இது யாரோட கொட்டகை?"

மிட்சுயோ கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னோடதுதான், டொகுஜி," என்றாள் கினு.

அவர் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்து, ஆழமாகக் குனிந்தார். "பெரிய கஷ்டம்க்கா. எப்படி ஆச்சுன்னு கேக்க மாட்டேன். பக்கத்து வீட்டுல நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். சின்னப் பலகைகளை ஒன்றொன்றாக எடுத்துவந்து, நீளம் பார்த்து, பாதையோரம் அடுக்கினார். அடுத்து விழுந்துகிடந்த உத்தரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை சாம்பலில் புதைந்திருந்தது. யாராவது வந்து அதைப் பிடிப்பார்கள் என்று, பாரத்தை இறக்காமல், குனிந்தபடியே காத்திருந்தார்.