மருந்து தாங்கிய அழுத்தம்

நர்ஸ் சலைன் பையை இரண்டு கைகளாலும் பிழிந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கால்மாட்டில் நின்ற மகனைத்தான் பார்த்தாள்.

"பாப்பாவ வரச் சொல்லுடா."

"சொல்றேம்மா. டாக்டர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு."

நாற்பது வயதாகியும் அவன் தங்கைக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். போன வருஷம் அம்மாவுக்கு முடியவில்லை என்று அவன் இரண்டு முறை போன் செய்ய, வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்தாள். இரண்டு முறையும் அம்மா எழுந்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். "உனக்குப் பதறத்தான் தெரியும்ணா" என்று பாப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

டாக்டர் வந்தார். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்.

"செப்டிக் ஷாக்னு பேசிக்கிட்டாங்க. அதுவா சார்?"

"இன்னும் அப்படிச் சொல்ல மாட்டேன். இவ்வளவு சலைன் ஏத்தியும் பிரஷர் நிக்கலைன்னா மருந்து குடுத்துதான் நிறுத்தணும். கூடவே ரத்தத்துல லாக்டேட்ங்கிற அமிலமும் அதிகமா இருந்தா, அப்பதான் அந்தப் பேரு. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். ஆனா பேருக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க."

கடைசியில் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'இன்னும் சொல்ல மாட்டேன்' என்பதையே பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை டாக்டர் வாயால் வரட்டும், பிறகு கூப்பிடலாம்.

சலைனில் பிரஷர் நிற்கவில்லை என்று மருந்தைத் தொடங்கினார்கள். அது ஏற ஏற, திரையில் பிரஷர் எண்கள் மெல்ல உயர்ந்தன. அவன் லிஃப்ட் மெக்கானிக். மீட்டர் முள் சரியான இடத்தில் நின்றுவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவன். நல்லவேளை கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டே கான்டீனுக்குப் போய் டீ குடித்தான்.

திரும்பி வந்தபோது அம்மா கண் திறக்கவில்லை. கையைத் தொட்டான். சில்லிட்டிருந்தது.

"லாக்டேட் ரொம்ப ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "இப்ப செப்டிக் ஷாக்தான்."

"பிரஷர் நல்லாத்தானே சார் காட்டுது?"

"அது மருந்து தாங்குற பிரஷர். அவங்களோடது இல்ல."

போனை எடுத்தபோது அவனுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. இனி யாரும் பதறுகிறான் என்று சொல்ல முடியாது. "டாக்டரே சொல்லிட்டாரு பாப்பா" என்றான். குரலில் இருந்த தெம்பு அவன் காதிலேயே விழுந்தது. உடம்பு கூசிப்போயிற்று.

பாப்பா பஸ்ஸில் பாதி வழி வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அவள் உள்ளே வந்தபோது குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். அழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா என்னக் கேட்டாளாண்ணா?"

பேசுகிற நிலையிலேயே இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.

"கேட்டா," என்றான். "காலையிலேயே."

பாப்பா தலை நிமிரவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் பிளாஸ்திரி உரித்த இடத்தில் பசை அழுக்காக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் மெல்லச் சுரண்டத் தொடங்கினாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. பாட்டிலை நீட்டியபடியே அவன் நின்றுகொண்டிருந்தான்.