இருபது எண்ணுகிற வரைக்கும்

மலாயாவுக்குப் போன புருஷன் மூன்று வருஷம் கழித்து ஒரு கடுதாசி போட்டான். அதிலும் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "உன் முகம் மறந்துகிட்டே வருது பாவாயி. ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு." மூன்றே மாதம் குடித்தனம் பண்ணிவிட்டு ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினவன் சென்றாயன். இப்படி எழுத அவனுக்குக் கைதான் எப்படி வந்ததோ! தபால்காரர் படித்துக் காட்டிய அன்று பாவாயி சாமைச்சோற்றை அப்படியே மூடி வைத்தாள். அவன் காதோரத்து மரு வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. முகத்தையே மறக்கிறவன் நாளைக்கு ஊரை மறக்க எத்தனை நேரம் ஆகும்?

மலையிறங்கினால் காளப்பநாயக்கன்பட்டியில் அப்பாஸ் அலி பாய் படம் பிடிக்கிறார் என்று கேள்வி. ஆனால் மாமனார் குழந்தைசாமி அவளை மலையிறங்க விடமாட்டார். பேச்சை மீறிப் போன மகனின் பெயரை மூன்று வருஷமாக வாயில் எடுக்காத மனுஷன். கடுதாசி வந்தது என்றதும் மிளகுக்கொடியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். 'இது நெஞ்சா, கருங்கல்லா' என்று பாவாயி மனசுக்குள் வைது தீர்த்தாள்.

சாமியே அனுப்பி வைத்த மாதிரி, அடுத்த அமாவாசையன்று அந்த அப்பாஸ் அலியே மலையேறி வந்தார். சேலத்துப் பெரிய மனுஷர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் மாட்ட ஆகாயகங்கை அருவியைப் படம் பிடிக்க வேண்டுமாம். கேமராப் பெட்டியை அருவிக்கு இறக்க ஆள் தேடினார். பாவாயி முந்திக்கொண்டு பெட்டியைத் தலையில் ஏற்றினாள்.

"கூலி வேண்டாங்க பாய். என்னைய ஒரு படம் புடிச்சுக் குடுங்க, போதும்."

படம் பதிய பாய் கொண்டுவந்த கண்ணாடிப் பிளேட்டு மூன்று. ஒன்று வழியிலேயே விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றைப் போட்டு, அருவிக்கு நேராக வைத்த கேமராவின் மூடியைக் கழற்றி, நிதானமாக இருபது எண்ணி, திரும்ப மூடினார். பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், அருவி எங்காச்சும் ஓடியா போயிரும்? இத்தனை நேரம் எதுக்குங்க?"

"இந்தப் பள்ளத்துல வெளிச்சம் கம்மி அம்மணி. நேரம் விட்டு எடுத்தாத்தான் தண்ணி பால் ஊத்தினாப்புல விழும். அசையறதெல்லாம் கரைஞ்சு போயிரும். அசையாததுதான் நிக்கும்." கடைசிப் பிளேட்டை எடுத்தவர் அவளைப் பார்த்துத் தயங்கினார். "சீமையில சண்டை வந்ததுல இருந்து பிளேட்டு வரத்தே இல்லை. இதை உட்டா வேற இல்லை. இருபது எண்ணற வரைக்கும் அசையாம நிப்பியா?"

"மூணு வருசமா ஒரே எடத்துல நிக்கறேனுங்க. இருபது எண்ணறதுக்கா நிக்கமாட்டேன்?"

அருவிக்குப் பக்கத்துப் பாறையோரம் போய் நின்றாள். மூடி கழன்றது. சாரல் கழுத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. கண்ணைக் கேமராவை விட்டு எடுக்கவில்லை. அதற்குள்ளே சென்றாயனே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. நல்லாப் பாருங்க, இதுதான் என் முகம், இனி மறக்காதீங்க என்று அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

பாய் ஒன்பது எண்ணியிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் பாதையில் தோளில் துண்டோடு குழந்தைசாமி இறங்கி வந்தார்.

மாமனார் எதிரே வந்தால் மருமகள் ஒதுங்கி நிற்க வேண்டும். யாரும் சொல்லவா வேண்டும்? வாழ வந்த நாளிலிருந்து பழகின கால். மனசு 'நில்லு' என்று கத்துவதற்குள் கால் ஒதுங்கிவிட்டது. அவள் பதறித் திரும்புவதற்குள் இருபதும் ஆகிவிட்டது. மூடியைப் போட்ட பாய் தலையில் அடித்துக்கொண்டார். குழந்தைசாமி இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அருவிக்கடியில் போய் நின்றுகொண்டார்.

பதினைந்து நாள் கழித்து பாய் படத்தோடு வீட்டுக்கே வந்தார். அருவி பாலாகத்தான் விழுந்தது. பக்கத்தில் பாவாயி நின்ற இடத்தில் சேலை கட்டின புகை ஒன்று நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த பாறை தெரிந்தது.

"ஐயோ, உசுரோட இருக்கறவளை ஆவியாட்டம் அனுப்பறதா?" என்று பாவாயி உடைந்து அழுதாள்.

வாசலில் நின்றிருந்த குழந்தைசாமி படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நான் எதுக்கு அங்க வந்தேன்னு நீ கேக்கலியே கண்ணு. அவன் திரும்பி வரோணும்னு வேண்டிக்கிட்டு அமாவாசைக்கு அமாவாசை அந்த அருவியில முழுகறேன். நானே வந்து கெடுத்துப்புட்டேன்."

கிழவர் குரல் உடைந்து பாவாயி அன்றுதான் கேட்டாள். கருங்கல் என்று வைததெல்லாம் அவளை வந்து குத்தியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாய், படத்துக்குப் பின்னால நான் சொல்றதை எழுதுங்க" என்றாள்.

"யாருக்குன்னு போடட்டும்? பேரு?"

புருஷன் பெயரைச் சொல்வாளா? மாமனார் பக்கம் திரும்பினாள்.

"சென்றாயன்னு எழுதுங்க பாய்," என்றார் குழந்தைசாமி. "எம் மவன்."

பாவாயி சொன்னாள். "படத்துல நிக்கறது நான்தானுங்க. அசையாமத்தான் நின்னேன். நீங்க திரும்பி வரோணும்னு வேண்டிக்கிட்டு உங்க அய்யன் அருவியில முழுக வந்தாரு, ஒதுங்கிட்டேன். பாறை தெரியுது பாருங்க, அந்த எடத்துலதான் என் முகம் இருக்குது. நேர்ல வந்து பார்த்துக்கங்க."