சாயங்காலம் என்று சொன்ன கை

சாலோமி வலது கையைத் தலைமேல் வைத்தாள், கூடையைப் பிடித்துக்கொள்வதுபோல. பிறகு அந்தக் கையை இறக்கி, விரித்த உள்ளங்கையை மேற்குப் பக்கமாக மெல்லச் சாய்த்தாள். சந்தைக்குப் போகிறேன், பொழுது சாயும்போது வந்துவிடுவேன். ஐந்து வயது ஹெப்சிபா தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த முறுக்கைக் கடித்தாள். பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், மகளிடம் சாலோமி சொன்ன முதல் பொய் அது.

ஹெப்சிபாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, பனங்காட்டுக்குள் இருந்த அவர்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் வளைத்தால் அப்பா. அடுப்பில் துடுப்பால் கிண்டுவதுபோலக் காட்டினால் அம்மா. கன்னத்தைக் கிள்ளினால் ஹெப்சிபா. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த பாஷை அல்ல. ஒரு பொருளைக் காட்டி ஒரு தடவை கையசைத்தால், மறுதடவை பொருள் வேண்டாம், கை போதும். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அதில் ஒரே ஒரு குறை. பிள்ளை கண்ணால் பார்த்ததை மட்டும்தான் அதில் சொல்ல முடியும். அடுத்த வாரத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? போய்விட்டுத் திரும்பி வருவதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சைகை சந்தை. பள்ளிக்கூட விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற நான்கு மாதத்தை எந்தக் கையால் காட்டுவது?

"பிள்ளைக்குப் பழகுற வரைக்கும் நாலு நாள் இருந்துட்டுப் போங்களேன்" என்றாள் ஆசிரியை சாரம்மாள்.

"எப்படி டீச்சரம்மா இருக்கது? பதனீ எனக்காவக் காத்துக்கிட்டா இருக்கும்?"

அது உண்மைதான். பனம்பாளையின் நுனியைத் தினமும் சீவிவிட வேண்டும். சில நாள் விட்டால் சீவிய இடம் காய்ந்து மரம் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் சாலோமியின் புருஷன், பனையேறி நேசையாவால் மரத்தை விட்டு வர முடியாது. கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்பு, பதனீரைக் கொஞ்ச நேரம் புளிக்காமல் வைத்திருக்கும். அதற்குள் அடுப்பில் ஏற்றிக் கருப்பட்டியாகக் காய்ச்சிவிட வேண்டும். அதனால் சாலோமியால் அடுப்பை விட்டு வர முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதோ, பதனீர் பெருகி ஓடுகிற சித்திரையில். பக்கத்துப் பனைவிளை இசக்கியம்மா மூன்று நாள் மட்டும் காய்ச்சித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். மாட்டுவண்டியில் வரவும் போகவுமே அது சரியாகிவிடும்.

வீடு வந்து சேர்ந்தபோது நேசையா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அழுதாளா?"

"இல்ல."

"என்னட்டி சொல்லிட்டு வந்தே?"

சாலோமி கையைத் தலைமேல் வைத்துக் காட்டினாள். தீட்டுவது நின்றது.

"அடப் பாவி மட்டை. பொழுது சாஞ்சா பிள்ளை தேடும்லா?"

"நீரு வந்து வேற என்னத்தச் சொல்லியிருப்பீரு? சொல்லும், பாப்பம்."

அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். அவை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பனை உச்சியிலிருந்து கூப்பிட்டால் காற்று பாதிச் சொல்லைத் தின்றுவிடும். கையசைத்தால் முழுவதும் வந்து சேரும். அதனால் அந்த வீட்டில் காது கேட்கிற இரண்டு பேரும்கூடக் கையாலேயே பேசப் பழகியிருந்தார்கள். கலயம் நிறைந்துவிட்டது, கயிறு வேண்டும், தாகமாயிருக்கிறது, எல்லாம் கைதான். பிள்ளை போன பிறகு அது மெல்ல நின்றுபோனது. தாகமெடுத்தால் நேசையா இறங்கி வந்து குடித்துவிட்டு மறுபடி ஏறினான். ஒருநாள் உச்சியில் இருந்தபடி கீழே பார்த்து அவன் தன் கன்னத்தைக் கிள்ளியதைச் சாலோமி கண்டாள். துடுப்பைக் கிண்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆவணியில் பாளைகள் வற்றின. மறுநாளே பிச்சைக்கண்ணுவின் வண்டியில் அவள் ஏறினாள்.

பள்ளிக்கூடத்தில் சாரம்மாள் ஒரு பையனின் புறங்கையைத் தன் வாயருகே வைத்து 'ப' சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு கையில் மோதுவதை அவன் உணர வேண்டும், அதேபோலத் தன் மூச்சையும் மோதவிட வேண்டும். கேட்காத பிள்ளைக்கு எழுத்து தோலின் வழியாக உள்ளே போகிறது. சாலோமியைக் கண்டதும் அவள் எழுந்து வந்தாள்.

"வாங்கம்மா. ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். போகும்போது அவகிட்ட என்ன சொல்லிட்டுப் போனிய?"

"ஏன் டீச்சரம்மா?"

"பொழுது சாய ஆரம்பிச்சா வாசலுக்கு ஓடிருவா. சோறு திங்க வரமாட்டா. மூணு வாரம் அப்படித்தான். பிறகு ஒருநாள் போகல. பழகிட்டான்னு நாங்க சந்தோசப்பட்டோம்."

சாலோமி மகளைத் தேடிப் போனாள்.

ஹெப்சிபா அந்த வேப்பமரத்தை ஒட்டிய கிணற்றடியில் இன்னொரு சிறுமியோடு இருந்தாள். இருவர் விரல்களும் படபடவென்று ஓடின. அந்தச் சைகைகளில் ஒன்றுகூடச் சாலோமிக்குத் தெரியாது. ஏதோ பெரிய வேடிக்கை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. அடையாளம் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது. மற்றச் சிறுமி பைய நகர்ந்து போனாள்.

சாலோமி மண்ணில் முட்டிபோட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பாளை வற்றியதைக் காட்ட வேண்டும், அப்பா மரத்திலிருந்து இறங்கிவிட்டதை, வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருப்பதை, பத்துத் தடவை பொழுது சாய்ந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து விடப்போவதை. பொய் இல்லாமல் எல்லாவற்றையும். மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இரண்டு கைகளையும் வளைத்தாள்.

ஹெப்சிபா கண்களை மூடிக்கொண்டாள்.

கோபித்துக்கொண்ட பிள்ளை காதைப் பொத்தினால் இன்னும் சத்தமாகச் சொல்லலாம். கண்ணை மூடிய இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சாலோமி அவள் தோளைத் தொட்டாள். இமைகள் இன்னும் இறுகின.

வாசலிலிருந்து பிச்சைக்கண்ணு கத்தினான். "தாயி! மாடு ரெண்டும் என்னைத் தின்னுரும் போலிருக்கு. வாரியளா, இல்லியா?"

அவள் திரும்பவில்லை. அந்த இமைகளுக்கு முன்னால், வளைத்த கைகளை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் வலித்தன. வேப்பம்பழம் ஒன்று மகளின் தலையில் விழுந்து உருண்டது. அப்போதும் அவள் கண் திறக்கவில்லை. இமைகளின் ஓரத்தில் ஈரம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது.