மஞ்சள் குறி

லரிசா அப்பாவின் கறை படிந்த பட்டறை உடுப்பைக் கறுப்புப் பாவாடைக்கு மேலேயே ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்தாள். கொட்டகைத் தரையின் குளிர் முதுகில் ஏறியது. வீட்டுக்குள் அம்மா தலைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்த நேரத்தில் யாரும் செய்கிற வேலையில்லை இது. ஆனால் அப்பாவைக் குழியில் இறக்குவதற்கு முன்னால் அந்தச் சனியனை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

சனியன் என்று அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தது வண்டியின் செல்ஃப் மோட்டாரை. அவள் அப்பா ஓரெஸ்ட் பிலிப்சுக் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வடக்கு வயலில் இருக்கும் தானியக் கொட்டாரத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு இந்த வண்டியில்தான் போனார். கொட்டாரத்துக் கூரையில் பனி புகுந்திருக்கிறதா என்று பார்க்க வண்டியை அணைத்தார். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. போன் வீட்டுச் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. ஜனவரிக் குளிரில், எதிர்க்காற்றில், நடந்தே வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் வேலியோரமாகக் கிடந்தவரைப் பக்கத்துப் பண்ணை லோர்ன்தான் கண்டெடுத்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டவனும் அவன்தான். "சாவியத் திருப்பினா டிக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். லைட்டெல்லாம் பளிச்சுனு எரியுது. பேட்டரி இல்ல, செல்ஃபுதான் போயிருக்கு" என்றான் எல்லோர் முன்னாலும். அவன் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"போன நவம்பர்லதான புதுசா மாட்டினாரு?"

"மக சஸ்கட்டூன்ல இருந்து ஆன்லைன்ல வாங்கி அனுப்பினாளாம். நெஸ்டரோட உதிரிபாகக் கடையில வெல ஜாஸ்தியாம் மகாராணிக்கு."

டாக்டர் இதயம் என்றார். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்றார். டாக்டர் சொன்னதை ஊரில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

நவம்பரில் நடந்தது லரிசாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது, வண்டி எடுக்கும்போது கரகரவென்று அரைக்கிறது, நெஸ்டரிடம் சொல்லி ஒன்று வரவழைக்க வேண்டும் என்றார் அப்பா. அவள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நெஸ்டர் வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அதே மோட்டார், வீட்டு வாசலில் கொண்டுவந்து போடுகிறான்.

"அறுப்பு நேரத்துல ஞாயித்துக்கிழமை பெல்ட் அறுந்தா நெஸ்டர் வந்து கடையத் தொறப்பான். உன் போன்காரன் தொறப்பானா?" என்றார் அப்பா.

"அறுப்பு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுப்பா. இது நவம்பர்."

"அவன் என்ன நெனப்பான்?"

"அவரு நெனைக்கறதுக்கெல்லாம் நீங்க ஏன் காசு குடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே பட்டனை அழுத்திவிட்டாள். அடுத்த வாரம் போனில் அப்பா, "வந்துருச்சும்மா. மாட்டியாச்சு. ஜம்முனு இருக்கு" என்றார். சஸ்கட்டூன் நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தனக்கு அப்பாவைவிட உலகம் தெரியும் என்று அன்று அவளுக்குச் சின்னப் பெருமை.

இப்போது அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாவுக்குச் சட்டை எடுத்து வைத்தாள். பாதிரியாருக்குப் போன் செய்தாள். பனியில் உறைந்த மண்ணை இளக்கக் குழி வெட்டுகிறவர்கள் மூட்டும் நெருப்புக்கு விறகு போதுமா என்று கேட்டாள். மோட்டாரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லரிசா அந்த மௌனத்தைத் தீர்ப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இன்னும் உள்ளே நகர்ந்தாள். சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்த பழக்கத்தில் இடம் தெரிந்தது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேருகிற இடத்தில், பூசணிப் பிஞ்சு மாதிரி, அது தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அப்பியிருந்த உப்பையும் சேற்றையும் கட்டைவிரலால் தேய்த்தாள். அடியிலிருந்து மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது. இன்னும் தேய்த்தாள். கோணலாக ஒரு ஆங்கில 'என்' எழுத்து, பக்கத்தில் நவம்பர் மாதத் தேதி.

அந்தக் குறியை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. நெஸ்டர் தன் கடையிலிருந்து போகிற மோட்டார், டைனமோ எல்லாவற்றிலும் மஞ்சள் பெயிண்ட்பேனாவால் எழுதித்தான் கொடுப்பார். ஆன்லைனில் மலிவாக வாங்கி, அது படுத்துவிட்டால், உங்கள் கடையில் வாங்கியதுதான் என்று சத்தியம் செய்து மாற்றிக் கேட்கிற ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு ஏற்பட்ட ஏற்பாடு. எந்தச் சாமான் பொருந்தும் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, அவர் கடை வாசலில் நின்று போனில் வரவழைக்கிறவர்கள்தான் அவர்களும்.

அப்படியானால் அவள் அனுப்பியது எங்கே? லரிசா வெளியே வந்து தேடினாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. பட்டறை மேசைக்குக் கீழே, பழைய சாக்குகளுக்குப் பின்னால், ஒட்டிய நாடா பிரிபடாமல் அவள் அனுப்பிய பெட்டி இருந்தது. பிரித்தாள். மோட்டாரின் வயிற்றில் வார்த்திருந்த தொழிற்சாலை முத்திரையையும் மாடல் எண்ணையும் பார்த்துவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனாள். அதே முத்திரை. அதே எண். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஒன்றில் மஞ்சள் பெயிண்ட் இருந்தது, இன்னொன்றில் இல்லை.

முதலில் வந்தது நிம்மதி. செத்துப்போனவர் அப்பா, ஆனாலும் நிம்மதி நிம்மதியாகத்தான் வந்தது. அவள் அனுப்பியது வண்டியில் இல்லை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும், அப்புறம் லோர்னிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே போய்விடும். பெட்டியைச் சாக்குக்குப் பின்னாலேயே தள்ளினாள். வெளியே அம்மா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னிருக்கையில் பாதிரியாரின் மனைவி. சொல்ல முடியவில்லை.

தேவாலயத்தில் நெஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சவப்பெட்டி தூக்க அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தாள் அம்மா. ஓரெஸ்ட், நெஸ்டர், அம்மா ஸ்லாவ்கா மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆனால் நெஸ்டர் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாராம். மனைவி போன பிறகு அவருக்கு அந்தக் கடைதான் வீடு என்பதால் அங்கேயே படுத்துக்கொள்கிறார் என்றும் கேள்வி. கல்லறையில் 'நித்திய நினைவு' என்கிற இறுதிப் பாட்டைப் பாடும்போதும் அவர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

சாப்பாடு தேவாலயக் கூடத்தில். தேன் விட்ட வேகவைத்த கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார்கள். அப்புறம் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, வெங்காயம் வதக்கிய வெண்ணெய். லரிசா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதற்கு வார்த்தையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். எதிரே லோர்ன் இரண்டாவது தட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நெஸ்டர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

"உக்காருங்க மாமா. சாப்பிடுங்க" என்றாள் லரிசா.

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்." அம்மாவைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினார். "நவம்பர்ல ஓரெஸ்ட் கடைக்கு வந்தான். 'எம் பொண்ணு செல்ஃப் மோட்டார் ஒண்ணு அனுப்பிருக்கா, அதத்தான் மாட்டப் போறேன், இல்லன்னா சங்கடப்படுவா'ன்னான். 'உன்னதும் ஒண்ணு குடு, வீட்ல கெடக்கட்டும்'னான். குடுத்தேன். அவனப் பத்தி ஒனக்குத் தெரியும்ல? யாரு மனசும் நோகக் கூடாது அவனுக்கு. எங்கிட்ட ஒண்ணு சொல்லுவான், ஒங்கிட்ட ஒண்ணு சொல்லுவான்."

"ஆமா" என்றாள் லரிசா. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அதான் தூக்கம் வரல. ரெண்டுல எது வண்டியில இருந்துச்சு?"

லோர்ன் மெல்வதை நிறுத்தினான். காப்பி ஊற்றிக்கொண்டு வந்த பெண்மணி கெண்டியோடு அப்படியே நின்றாள். லரிசாவுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. சொன்னால் இந்தக் கூடத்தைவிட்டு நிமிர்ந்து நடந்து போகலாம். அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கலாம். நெஸ்டரின் விரல் இடுக்குகளில் மஞ்சள் பெயிண்ட் அங்கங்கே காய்ந்து ஒட்டியிருந்தது. நாளைக் காலையில் இந்த மனிதர் அந்தக் கடையைத் திறந்து உள்ளே போக வேண்டும்.

"என்னுதுதான் மாமா" என்றாள்.

"நல்லாத் தெரியுமா?"

"காலையில நானே அடியில படுத்துப் பாத்தேன்."

"மஞ்சள் குறி இல்லியா?"

"எதுவும் இல்ல. நான் அனுப்பினதுதான்."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். விட்டதும் வெட்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, அவள் தோளில் கை வைத்து, "நீ மனசுல வெச்சுக்காதம்மா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. ஏதோ மலிவா கெடைக்குதுன்னு வாங்கின. இந்தக் குளிர்ல எந்தச் சாமானத்த நம்ப முடியும்? ஒங்கப்பன் ஒன்ன நெனச்சு ஒருநாளும் வருத்தப்பட்டிருக்க மாட்டான்" என்றார்.

அவர் அவளை மன்னித்துக்கொண்டிருந்தார். லரிசா தலையை ஆட்டினாள். வந்தது துக்கமா எரிச்சலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. லோர்ன் மறுபடி மெல்லத் தொடங்கினான். காப்பிப் பெண்மணி அவளை இரக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

அம்மா எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துக் கோஸ் சுருட்டல்களை அடுக்கி நெஸ்டருக்கு முன்னால் வைத்தாள்.

"உக்காந்து சாப்பிடு. எத்தன நாளாச்சு சாப்பிட்டு?"

நெஸ்டர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது காரில் அவர்கள் இருவர் மட்டும்தான். ஊர் எல்லை தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"நெசமாவே அடியில போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா அப்பிடிச் சொன்ன?"

லரிசா சாலையைப் பார்த்தே ஓட்டினாள்.

"நெஸ்டரோடத மாட்டும்போது நாந்தான் டார்ச் புடிச்சேன்" என்றாள் அம்மா. "ஒரு போல்ட்டு எறங்கவே மாட்டேன்னுச்சு. ஒங்கப்பா நெஸ்டரயும் திட்டினாரு, ஒன்னயும் திட்டினாரு."

லரிசாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம். வந்தது கோபம்.

"தெரிஞ்சுக்கிட்டேவாம்மா இத்தன நாளா சும்மா இருந்த? ஊரே என்னைச் சொல்லுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல எங்கிட்ட?"

"ஒங்கிட்டச் சொன்னா நீ ஊருக்குச் சொல்லுவ."

"சொன்னா என்ன?"

"நீ தாங்கிப்ப" என்றாள் அம்மா. "அவன் தாங்க மாட்டான்."

காரின் சூடு இன்னும் கால்வரை இறங்கவில்லை. அம்மா கையுறைகளை மாட்டிக்கொண்டாள்.

"அந்த வண்டிய இந்த வாரமே எவனுக்காவது தள்ளிவிட்டுடணும். வெளியூர் ஆளா இருந்தா நல்லது. இல்லன்னா நெஸ்டர் ரிப்பேர் பண்ணித் தரேன்னு வந்து அடியில படுப்பான்."

வடக்கு வயலுக்குப் பிரியும் இடம் வந்தது. லரிசா வேகத்தைக் குறைத்தாள். "நிக்காத, போ" என்றாள் அம்மா. லரிசா நிற்காமல் போனாள். அம்மா தன் பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையுறையால் துடைத்துவிட்டு, அந்த வேலி முடிகிறவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.