மஞ்சள் கறை

என் தங்கை வாயில்லாப் பூச்சி. அவளுக்கும் சேர்த்து எனக்கு வாய் உண்டு. ஒரே தொழிற்சாலையில்தான் இருவருக்கும் வேலை. நான் கீழே, தோலுக்குப் பூசும் லோஷன் கலக்கும் டேங்கில் ஆபரேட்டர். அவள் மாடியில், அதே டேங்கைக் கம்ப்யூட்டருக்குள் கலக்கிப் பார்க்கும் இன்ஜினியர். அவள் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் நிரந்தர வேலைக்கான கடிதம் வர வேண்டும்.

வந்துவிடும் என்றே இருந்தோம். அவள் போட்ட படம் அப்படி. நீலத் தண்ணீரும் மஞ்சள் எண்ணெயும் பின்னிக்கொண்டு டேங்க் முழுக்கச் சுழலும். முதலாளி அசந்துபோய், பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். அதை நம்பித்தான் மூன்று மடங்கு பெரிய டேங்க் ஒன்றை, கலக்க ஒரே துடுப்பு போதும் என்று, ஆர்டர் செய்யவிருந்தார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது கேட்டாள். "அக்கா, டேங்க் ஓடும்போது கண்ணாடி வழியா பார்த்தா எண்ணெய் எப்படித் தெரியும்?"

"எங்கடி தெரியுது? துடுப்பு சுத்தின அஞ்சாவது நிமிஷம் எல்லாம் பால் மாதிரி ஆயிடும்."

"பட்டை பட்டையா எதுவும்?"

"ஒரு மண்ணும் தெரியாது."

எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டாள். "தப்பான மாடலை எடுத்துட்டேன்க்கா."

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டர் டேங்கைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடும். அவள் எடுத்த மாடல், அதாவது கணக்குப் போடும் முறை, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள எல்லையைத் துரத்திக்கொண்டு போவது. பெரிய குமிழி, அலை என்றால் அது நன்றாகப் பிடித்துவிடும். எங்கள் டேங்கிலோ ஒரு கட்டத்துக்குள் ஆயிரம் துளி. எல்லையை எங்கே போய்ப் பிடிக்க? அந்த மாடலில் கட்டத்துக்குள் இருப்பதெல்லாம் ஒரே வேகத்தில் போகும். நிஜத்தில் எண்ணெய்த் துளி மெல்ல மேலே நழுவும்.

"படம் அழகா வந்துச்சு. அதுல மயங்கிட்டேன்" என்றாள்.

அந்த வாரமே வேறு மாடலில் போட்டாள். கட்டத்துக்குக் கட்டம் எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பார்த்து, துளி நழுவுவதையும் சேர்த்துக்கொள்ளும் மாடல். வந்த படம் பார்க்கச் சகிக்கவில்லை. மேலே மஞ்சள் கறை, கீழே வெளிறிய நீலம்.

"வாயை மூடிக்கிட்டு இரு. கடிதம் கைக்கு வரட்டும்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"அதுக்குள்ள ஆர்டர் போயிடும்க்கா."

ஆர்டரில் கையெழுத்துப் போடும் கூட்டத்துக்கு ஆபரேட்டர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி பேனாவைத் திறந்தார். அவள் எழுந்தாள்.

"சார், வெளியில மாட்டியிருக்கிற படம் தப்பு. மாடலைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தப்பு என்னோடது."

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார். நம்ம டேங்க் அப்படி இல்ல. இப்ப ஓடுற டேங்க்லயே பார்த்துடலாம். மேல் வால்வுல எண்ணெய் இருபத்தாறு சதவீதம் வரும், கீழ் வால்வுல பதினாலு. அந்தப் படம் சரின்னா ரெண்டுலயும் இருபது வரணும்."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் மாதிரி எடுப்பதெல்லாம் நடு வால்வில் மட்டும்தான். அது எப்போதும் இருபதுதான் காட்டும். சில பாட்டில் பிசுபிசுப்பு, சில பாட்டில் தண்ணீர் என்று புகார் வந்தால் என் தலை உருளும்.

இரண்டு வால்விலும் நானே பிடித்துக் கொடுத்தேன். லேப்காரர் சீட்டைப் பார்த்துப் படித்தார். "மேல இருபத்தேழு. கீழ பதிமூணு."

முதலாளி பேனாவை மூடினார். புது டேங்குக்கு இரண்டு துடுப்பு என்று முடிவானது. கடிதமும் சொன்ன நாளில் வந்தது. எனக்குத்தான் வாய் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேனே, பேச வேண்டிய இடத்தில் பேசியவள் அவள்.

வரவேற்பறைச் சட்டத்தில் இப்போது புதுப் படம்தான். போன வாரம் வந்த ஒருவர் அதை உற்றுப் பார்த்து, "தண்ணி பட்டுக் கறையாயிடுச்சா?" என்று கேட்டார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றேன். "கறை இல்லைங்க. உள்ள நிஜமா நடக்கிறது அதுதான். என் தங்கச்சி போட்டது."